பாலைவனத்துச் சரணாகதி

"பாரத்தையெல்லாம் ஆண்டவன்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதானே ஸார், சரணாகதி? அதற்கும் சோம்பலுக்கும் என்ன வித்தியாசம்?" என்று நமது வகுப்பு மாணவன் ஒருவன் சில நாட்களுக்கு முன் கேட்டான். குறும்பாகக் கேட்ட கேள்விதான்; பின் பெஞ்சியில் சிரிப்பும் எழுந்தது. ஆயினும் அதற்குச் சட்டென்று விடை கூற நமக்கு வாய் வரவில்லை. நல்ல வேளையாக மணி அடித்து நமது மானத்தைக் காப்பாற்றிற்று.

சரணாகதி என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய சொல் அன்று. தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் இடமெல்லாம் செல்லும் பூனைக் குட்டியா, பக்தன் எதைப் போன்றவன் என்று வைஷ்ணவப் பெரியோர்கள் தலைமுறை தலைமுறையாக வாதித்திருக்கிறார்கள். நம் கிறிஸ்தவச் சகோதரர்கள் இதையே 'தன்னை ஒப்புக்கொடுத்தல்' என்று சொல்லுகிறார்கள். எங்கள் பள்ளியின் கணக்கு உபாத்தியாயர் கத்தோலிக்கர். பரீட்சைத் தாள் கட்டை அவிழ்க்கும் முன் கண்ணை மூடி ஒரு சிறு ஜபம் சொல்லும் வழக்கம் அவருக்கு உண்டு. மாணவனுடைய கேள்வியை அவரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "நான் சொல்லுகிற ஜபத்தின் மூலத்தை எழுதிய மனிதரின் சரித்திரத்தைப் படித்துப் பாருங்கள். ஒப்புக்கொடுத்தவர்களில் அவரைப் போல் எடுத்த காரியமெல்லாம் தோற்றவர் அதிகம் இரார்" என்றார். அவர் சொன்ன தோரணை நமது ஆவலைக் கிளப்பிவிட்டது. அதன் பிறகு படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அந்த மனிதர் ஷார்ல் தெ பூக்கோ என்னும் பிரெஞ்சுக்காரர். 1858-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஒரு பிரபுவின் குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயதிற்குள் தாயும் தந்தையும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பாட்டனார் பேரனையும் பேத்தியையும் வளர்த்தார். செல்லம் மிகுந்து போயிற்று. பள்ளி நாட்களிலேயே பையன் மத நம்பிக்கையை அடியோடு இழந்தான். ஸேன் ஸீர் ராணுவக் கலாசாலையில் சேர்ந்தபோது உடம்பு அவ்வளவு பருத்திருந்ததால் அளவான உடுப்புக் கிடைப்பதே கஷ்டமாயிற்றாம். பிறகு ஸோமூர் குதிரைப்படைப் பள்ளியில் தேர்ந்தவர்கள் 87 பேர். நம்மவருடைய ஸ்தானம் 87. பாட்டனார் காலமானதும் பெருஞ்சொத்துக் கைக்கு வந்தது. விருந்துகள், மதுபானம், சூதாட்டம், ஸ்திரீ சகவாசம் என்று பணம் நீராக ஓடியது. கடைசியில் உறவினர்கள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சொத்துக்குக் கண்காணிப்பாளரை நியமிக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய பிள்ளையைத் திருத்தியது உபதேசம் அன்று; பாலைவனம்தான். அல்ஜீரியாவில் ராணுவ சேவை செய்தபோது வட ஆப்பிரிக்க மண் அவரைப் பிடித்துக்கொண்டது. 1882-ல் பட்டாளத்தை விட்டு விலகி, அந்நாளில் ஐரோப்பியர்கள் எளிதில் நுழைய முடியாத மொராக்கோ தேசத்தை ஆராயப் புறப்பட்டார். யூத குருவைப் போல் வேஷம் போட்டுக்கொண்டு, மொர்தெக்காய் என்னும் உண்மையான யூத குருவை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, 1883 ஜூன் முதல் 1884 மே வரை ஏறக்குறைய 11 மாதம் சுற்றினார். உள்ளங்கைக்குள் அடங்கும் குறிப்புப் புத்தகத்தில் யாரும் அறியாமல் மலைகளின் உயரத்தையும் ஆறுகளின் போக்கையும் குறித்துக்கொண்டார். 1885-ல் பாரிஸ் பூகோள சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. கலாசாலையில் கடைசியாக வந்தவர் 27 வயதிற்குள் பெரிய ஆராய்ச்சியாளர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

ஆனால் மனம் நிம்மதியடையவில்லை. வேளை தவறாமல் மண்ணில் நெற்றி பதித்துத் தொழும் முஸ்லிம்களின் பக்தியைக் கண்டது முதல் தமக்குள்ளே ஏதோ ஒன்று புரண்டுவிட்டதாகப் பின்னாளில் ஒரு நண்பருக்கு அவர் எழுதியிருக்கிறார். ஒரு கிறிஸ்தவத் துறவியைக் கடவுளிடம் திருப்பியவர்களில் இஸ்லாமியர்களும் உண்டு என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பாரிஸுக்குத் திரும்பியவர் நம்பிக்கை இல்லாமலே கோயில்களுக்குள் போய் உட்கார்ந்து, கடவுளே, நீர் இருப்பது உண்மையானால் எனக்கு உம்மைத் தெரியப்படுத்தும் என்று திரும்பத் திரும்ப வேண்டினார். 1886 அக்டோபர் இறுதியில் ஒரு நாள் காலை ஸேன்ட் ஒகுஸ்தேன் கோயிலில் ஊவ்லேன் என்னும் குருவைத் தேடிச் சென்றார். மதத்தைப் பற்றிச் சில பாடங்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் நோக்கம். குருவோ, முதலில் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யும் என்று சொல்லிவிட்டார். பிரபு மகன் திகைத்தான், பிறகு முழந்தாளிட்டான். உபாத்தியாயராகிய நமக்கு இந்த இடம் சற்றே உறுத்துகிறது. சந்தேகத்துக்கு விடை சொல்லாமல் மண்டியிடச் சொல்லுவது நாம் வகுப்பில் கையாளும் முறை அன்று. ஆனால் விடைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்த மனிதர் அவர் என்பதை அந்தக் குரு கண்டுகொண்டார் போலும்.

அதன் பிறகு பாதி வழியில் நிற்கும் சுபாவம் அவருக்கு இல்லை. 1890 ஜனவரியில் டிராப்பிஸ்டு மடத்தில் சேர்ந்தார். பிரெஞ்சு மடமே போதிய அளவு ஏழ்மையானதாக இல்லையென்று கருதி, ஸிரியா தேசத்தில் அக்பெஸ் என்னும் இடத்திலிருந்த இன்னும் ஏழ்மையான மடத்துக்குப் போனார். அங்கேயும் திருப்தியில்லை. பக்கத்துக் கிராமத்தில் இறந்துபோன ஓர் ஏழைக் கூலிக்காரரின் வீட்டுக்கு ஜபம் செய்ய ஒரு நாள் அனுப்பப்பட்டார். அந்தக் குடிசையைப் பார்த்த கண்ணுக்குத் தம்முடைய மடம் அரண்மனையாகத் தோன்றியது. 1895-96-ல் அந்தப் பிரதேசமெங்கும் ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஐரோப்பியத் துறவிகளின் மடத்துக்கு மட்டும் துருக்கிச் சிப்பாய்கள் காவல் நின்றார்கள். அந்தப் பாதுகாப்பு அவருக்கு வெட்கத்தையே தந்தது.

நமது கணக்கு உபாத்தியாயர் சொல்லும் ஜபம் இந்தக் காலத்தில் எழுதியதுதான். உண்மையில் ஜபமாக எழுதப்பட்டதே அன்று. சிலுவையில் உயிர் விடும் தறுவாயில் கிறிஸ்து தமது ஆவியைத் தந்தையின் கையில் ஒப்படைத்ததாக லூக்கா சுவிசேஷத்தில் வருகிறது. அந்த இடத்தைத் தியானித்து, அப்போது கிறிஸ்துவின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று பூக்கோ தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். நீர் என்னை என்ன செய்தாலும் நன்றி கூறுவேன் என்பது அதன் சாரம். அவர் காலத்துக்குப் பின் வந்தவர்கள் அதைச் சுருக்கி ஜபமாக்கினார்கள். இன்று உலகின் பல பாஷைகளில் அது சொல்லப்படுகிறது. சிலுவையில் தொங்குகிறவர் சொல்லக்கூடிய வார்த்தையை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லுவதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று கணக்கு உபாத்தியாயர் நம்மிடம் ஒப்புக்கொண்டார். அதை எழுதியபோது பூக்கோவுக்கும் 40 வயது ஆகவில்லை. எழுதியதன் விலை அவருக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

மடத்தை விட்டு விலக வேண்டும் என்ற ஏக்கம் முற்றியது. ஆயினும் தாமாக ஓடிவிடவில்லை. மேலதிகாரிகள் இரு என்றால் ஆயுள் முழுவதும் இருப்பது, போ என்றால் போவது என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தார். 1897 ஜனவரியில் ரோமாபுரியில் சபைத் தலைவர் விடை கொடுத்தார். நேரே நாசரேத்துக்குச் சென்று, கன்னியர் மடம் ஒன்றில் வேலைக்காரராக அமர்ந்தார். தோட்டத்தில் கருவிகள் போட்டு வைக்கும் கொட்டகைதான் வாசஸ்தலம். கடவுளின் குமாரன் முப்பது வருஷம் பேரும் புகழுமின்றித் தச்சு வேலை செய்த ஊரில் தாமும் யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே ஆசை.

1901-ல் குருப்பட்டம் பெற்று ஸஹாராவுக்குப் போனார். முதலில் மொராக்கோ எல்லையருகே பெனி அப்பெஸ் என்னும் ஊர்; அங்கே மண் செங்கல்லால் ஒரு மடம் கட்டி, வரப்போகும் சகோதரர்களுக்காக அறைகளும் வகுத்து வைத்தார். ஒருவரும் வரவில்லை. சபைக்காக அவர் எழுதிய ஒழுங்குமுறைகளை முன்னமே படித்துப் பார்த்த ஊவ்லேன் குரு, இவற்றை மனிதர் அனுசரிக்க முடியாது, தயவு செய்து யாருக்கும் சபை ஸ்தாபிக்க வேண்டாம் என்ற கருத்தில் எழுதியிருந்தார். சிஷ்யராக வந்த ஒரே ஒருவரும் சில மாதங்களில் உடல் நலம் குன்றித் திரும்பினார். பெனி அப்பெஸில் அடிமை வியாபாரம் நடப்பதைக் கண்டு கொதித்தார். பணம் கொடுத்துச் சிலரை மீட்டார். பிரெஞ்சு அதிகாரிகள் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது பாவம் என்று எழுதினார். பேசாதிரும் என்று மேலிடத்திலிருந்து புத்திமதி வந்தது.

1905-ல் இன்னும் தெற்கே, ஹொகார் மலைநாட்டில், துவாரெக் ஜாதியார் வசிக்கும் தமன்ராஸெட் போய்ச் சேர்ந்தார். அக்காலத்தில் அது ஊர் என்று சொல்லத் தகாதது. இருபது குடிசை இருந்தால் அதிகம். கிறிஸ்தவர் வேறு யாரும் இல்லை. தபால் வருவது அபூர்வம்.

அங்கே என்ன செய்தார்? மத மாற்றம் செய்தார் என்று எண்ணும் வாசகர்கள் ஏமாந்து போவார்கள். ஹொகாரில் அவருடைய பேச்சைக் கேட்டு மதம் மாறியவர் என்று சொல்ல ஏறக்குறைய ஒருவரும் இல்லை. துவாரெக் பாஷையைக் கற்றார். கூடாரம் கூடாரமாகப் போய், ஒரு செய்யுளுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, அவர்களுடைய பாடல்களைச் சேகரித்தார். அகராதி எழுதினார். நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இந்த வேலையில் செலவிட்ட நாட்கள் உண்டு. அந்த அகராதி பிற்காலத்தில் 1951-52-ல் அவருடைய கையெழுத்திலேயே நான்கு பாகங்களாக அச்சாயிற்று. துவாரெக் பாஷையை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை. சோம்பலைப் பற்றிக் கேட்ட நமது மாணவனுக்கு இந்தச் செய்தியை மட்டும் மறுநாளே சொன்னோம். "சொந்த பாஷையே இல்லையே ஸார், எதற்கு?" என்றான். அதற்கும் நாம் உடனே விடை சொல்லவில்லை.

1907 முடிவில் நேர்ந்ததுதான் இந்தச் சரித்திரத்தின் நடு இடம் என்பது நமது அபிப்பிராயம். அவ்வருஷம் ஹொகாரில் மழை பொய்த்துப் பல மாதமாகிவிட்டது. ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லை. ஆகவே பால் இல்லை, வெண்ணெய் இல்லை. குழந்தைகள் ஒட்டி உலர்ந்து போயின. சாமியார் தம்மிடமிருந்த தானியத்தையெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிட்டார். இதைவிடப் பெரிய பஞ்சம் ஒன்று அவருக்கு இருந்தது. அக்காலத்துத் திருச்சபைச் சட்டப்படி, உடன் நின்று பதில் சொல்ல ஒருவராவது இல்லாமல் குருவானவர் பூசை வைக்கலாகாது. தமன்ராஸெட்டில் அதற்கு ஆள் இல்லை. தினந்தோறும் பூசை வைப்பதற்காகவே குருப்பட்டம் பெற்ற மனிதர், கிறிஸ்து பிறந்த திருநாளன்றுகூடப் பூசையின்றித் தனியே இருந்தார். கத்தோலிக்கர் அல்லாத நமக்கு இதன் வேதனை முழுதும் விளங்காது. கணக்கு உபாத்தியாயர் இதைச் சொல்லும்போது குரல் மாறியதிலிருந்துதான் ஓரளவு ஊகித்தோம்.

1908 ஜனவரியில் உடம்பு விழுந்துவிட்டது. எழுந்து நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கியது. முடிவு வந்துவிட்டதென்றே நினைத்தார். அதுவரை அவர் கொடுப்பவர், அவர்கள் வாங்குபவர்கள். மருந்து, ஊசி, தானியம், காசு எல்லாம் அவர் கையிலிருந்தே போயின. இப்போது கொடுக்க ஒன்றுமில்லை; பேசவும் சக்தியில்லை. மூஸா அக் அமஸ்தான் என்னும் துவாரெக் தலைவரும் அவருடைய மக்களும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கொடிய வறட்சியில் சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த வெள்ளாட்டின் மடியில் ஒரு சொட்டுப் பால் மிச்சமிருந்ததோ அதையெல்லாம் தேடிக் கறந்து கொண்டு வந்தார்கள். தங்கள் குழந்தைகளுக்குப் போதாத பால் அது. வேற்று மதத்தவர், வேற்று நாட்டவர், தங்களை அடக்கி ஆள வந்த ஜாதியைச் சேர்ந்தவர். அவருக்குக் கிண்ணத்தில் ஊற்றி ஊட்டினார்கள். அவர் பிழைத்தார்.

தம்மை ஒப்புக்கொடுத்துவிட்டதாக அவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே எழுதியாயிற்று. சொத்தை விட்டார், பட்டத்தை விட்டார், மடத்தையும் விட்டார். ஆயினும் அவையெல்லாம் அவராக விட்டவை. விடுகிற கை அவருடைய கைதான். பிறர் தயவில் உயிர் வாழ்வது என்பது அவராகத் தேர்ந்தெடுத்தது அன்று. அதற்குப் பின் அவருடைய கடிதங்களில் ஒரு தணிவு வந்திருப்பதாகச் சரித்திரக்காரர்கள் கூறுகிறார்கள்; மேதாவியாகவோ ரக்ஷகராகவோ இராமல், அண்டை வீட்டுக்காரராக அந்த ஜனங்களோடு இருந்தார் என்கிறார்கள். அந்த மாத முடிவில், உடன் ஆள் இல்லாமலே பூசை வைக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து விசேஷ அனுமதியும் வந்து சேர்ந்தது.

இவ்வளவு எழுதிவிட்டு இன்னொன்றை எழுதாமல் விட்டால் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவர்களாவோம். துவாரெக் நாட்டுக்குள் அவர் போக முடிந்ததே பிரெஞ்சுப் பட்டாளம் 1902-ல் அந்த ஜனங்களை முறியடித்த பிறகுதான். அங்கே படையதிகாரியாயிருந்த லாப்பெரீன் அவருடைய பழைய சிநேகிதர். பாலைவனத்து நிலவரங்களைக் குறித்துப் பூக்கோ அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதுவதுண்டு. பிரெஞ்சு ஆட்சி நல்லாட்சியாக இருக்க வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். அது அங்கே இருக்கலாமா என்று மட்டும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அன்னிய ஆட்சியின் சுவையை இருநூறு வருஷம் அனுபவித்த நமது தேசத்தார் இதைக் கண்டும் காணாமல் போக முடியாது. எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்புவித்த மனிதர் தம் தேசத்தின் ஆதிக்கத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டே இருந்தார் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் கண் குருடாகவும் இல்லை. 1916 ஜூலையில் ரெனே பஸேன் என்ற நாவலாசிரியருக்கு எழுதிய கடிதத்தில், இந்த ஜனங்களை நாம் உள்ளத்தால் பிரெஞ்சுக்காரர் ஆக்காவிட்டால், ஐம்பது வருஷத்துக்குள் நம்மை இங்கிருந்து துரத்திவிடுவார்கள் என்ற பொருள்பட எழுதினார். அவர் விரும்பிய பரிகாரம் நமக்குச் சம்மதமில்லை. கணிப்பு மட்டும் பலித்தது. 1962-ல் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்தது.

முதல் உலக யுத்தத்தின்போது ஸஹாராவிலும் கலகம் மூண்டது. கொள்ளைக்கு அஞ்சிய கிராமத்தார் ஒதுங்குவதற்காகத் தமன்ராஸெட்டில் கனத்த சுவர்களோடு ஒரு சிறு கோட்டை கட்டினார். அதற்குள் துப்பாக்கிகளும் வைக்கப்பட்டிருந்தன, இதையும் மறைப்பதற்கில்லை. பாடல் தொகுப்பு வேலையை முடித்துச் சில நாள்கூட ஆகவில்லை. 1916 டிசம்பர் 1-ஆம் தேதி மாலை, அறிமுகமான ஒருவன் கதவைத் தட்டித் தபால் வந்திருப்பதாகச் சொன்னான். கதவு திறந்ததும் ஸெனூஸிக் கட்சியைச் சேர்ந்த ஆயுதபாணிகள் அவரை வெளியே இழுத்துக் கைகளைப் பின்னால் கட்டி முழந்தாளிட வைத்தார்கள். பிணையாகக் கொண்டு போவதே உத்தேசம் என்பர். ஒட்டகத்தின்மேல் இரண்டு சிப்பாய்கள் வருவது தெரிந்ததும் குழப்பம் உண்டாயிற்று. காவலுக்கு நின்ற பதினைந்து வயதுப் பையன் கலங்கித் துப்பாக்கியை அழுத்திவிட்டான். சில வாரம் கழித்து அங்கே வந்த பிரெஞ்சு அதிகாரி, அவர் நற்கருணை வைத்து ஆராதித்த கதிர்ப்பாத்திரம் மணலில் பாதி புதைந்து கிடக்கக் கண்டெடுத்தார்.

சபை இல்லை, சிஷ்யர் இல்லை. 1921-ல் பஸேன் எழுதிய ஜீவிய சரித்திரம் வெளிவந்த பிறகுதான் வாலிபர்கள் விழித்துக்கொண்டார்கள். 1933-ல் வொயோம் என்னும் குருவும் நான்கு தோழர்களும் ஸஹாராவின் ஓரத்தில் 'இயேசுவின் சிறிய சகோதரர்' சபையைத் தொடங்கினார்கள். 1939-ல் பெண்கள் சபையும் தோன்றிற்று. 2022 மே 15-ஆம் தேதி போப் பிரான்ஸிஸ் வாடிகனில் பூக்கோவுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அதே நாள், அதே மேடையில், அதே பட்டம் பெற்ற இன்னொருவர் நமது கன்னியாகுமரி ஜில்லா நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தராயிருந்து, துன்பத்தில் கடவுளைக் கைவிடாத யோபுவின் கதையைக் கேட்டு மனம் திரும்பி, 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, 1752-ல் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தவர். அன்று எங்கள் கணக்கு உபாத்தியாயரின் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் தெருவே கூடியிருந்ததாம். கூட்டம் பார்த்தது தேவசகாயத்தை, அவர் பார்த்தது இருவரையும்.

பூக்கோ இறந்த செய்தி மூஸா அக் அமஸ்தானுக்கு எட்டியபோது, பிரெஞ்சு தேசத்திலிருந்த அவருடைய தங்கைக்கு அந்தத் துவாரெக் தலைவர் ஒரு கடிதம் அனுப்பினார். செய்தி கேட்டதும் கண் இருண்டுவிட்டதாகவும், மிகவும் அழுததாகவும், உங்கள் சகோதரர் உங்களுக்காக மட்டும் இறக்கவில்லை, எங்களுக்காகவும் இறந்தார் என்றும் அதில் கண்டிருந்தது. அவரைச் சுவர்க்கத்தில் மறுபடியும் சந்திக்கக் கடவுள் அருள வேண்டும் என்று வேண்டிக் கடிதத்தை முடித்திருந்தார். மூஸா கடைசி வரையில் முஸ்லிமாகவே இருந்தார்.